டி செக்‌ஷன் மாணவியின் அப்பா எழுதுவது: ஒரு பள்ளித் தாளாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று ஆறாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தீர்கள். ஏ, பி, சி, டி என்று நான்கு செக்‌ஷன். ஐந்தாம் வகுப்பு வரை பி-யில் இருந்த என் மகள் இப்போது டி. 2018-ல் அவளோடு ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடங்களுக்கான குலுக்கலில் எல்கேஜி சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். எல்லாப் பெயரும் டி-யில்தான் இருந்தது. ஒன்றுகூட வேறு செக்‌ஷனில் இல்லை.

ஆபீஸில் கேட்டேன். "ஃபவுண்டேஷன் கோர்ஸ் எடுத்தவங்க ஏ, பி, சி. எடுக்காதவங்க டி. பேரண்ட்ஸ் விருப்பம்தானுங்க" என்றார்கள். நீட், ஜேஇஇ தேர்வுகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தயார்ப்படுத்தும் அந்தக் கோர்ஸுக்குத் தனிக் கட்டணம். அது என்னுடைய இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டும். இதற்குப் பெயர் விருப்பம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கோர்ஸ் வகுப்புகள் இருப்பதால் ஏ, பி, சி-க்கு மதியச் சாப்பாட்டு நேரமும் மாறிவிட்டது. டி பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்து கை கழுவிய பிறகுதான் அவர்கள் டிபன் பாக்ஸோடு வருகிறார்கள். மாலையில் டி பிள்ளைகளை முதல் வேனில் அனுப்பிவிடுகிறீர்கள். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் கழித்து அடுத்த வேன். எல்கேஜியிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த என் மகளும் அவளுடைய தோழியும் இந்த நாலு மாதத்தில் சேர்ந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. இருவரும் பேசிக்கொள்வது தண்ணீர்க் குழாயடியில், அதுவும் பெல் அடிப்பதற்குள்.

பள்ளியின் பெயரை நான் எழுதவில்லை. என் மனைவி வேண்டாம் என்கிறாள். "நாளைக்குப் பிள்ளை அங்கதானுங்க போகோணும்" என்கிறாள். நீங்கள் படித்தால் உங்களுக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டி செக்‌ஷனுக்கும் அதே ஆசிரியர்கள்தான் வருகிறார்கள், அதே புத்தகம்தான். யாரும் பிள்ளைகளை மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. என் மகளின் கணக்கு டீச்சர் மாதிரி ஒருவர் எனக்குக் கிடைத்திருந்தால் நான் வேறு மாதிரி ஆகியிருப்பேன். பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். அவள் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் குறை. அது சின்ன விஷயம் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 1996-ல் பத்தாம் வகுப்பில் 409 மார்க் வாங்கினேன். எங்கள் தெருவில் அது பெரிய மார்க். பரீட்சை லீவில் என் சித்தப்பா, "சும்மாதான இருக்கான், வரட்டும்" என்று தன் பவர் டேபிள் தையலுக்குக் கைமடியாக, அதாவது எடுபிடி உதவியாளாகச் சேர்த்துவிட்டார். ஃபோர்மேனிடம் ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். முதல் சனிக்கிழமைச் சம்பளத்தை அம்மா கையில் கொடுத்தேன். ரிசல்ட் வந்தபோது நான் ஒன்றரை ஷிப்ட் பார்க்கப் பழகிவிட்டேன். யாரும் என்னைப் படிக்காதே என்று தடுக்கவில்லை. படித்தால் என்ன ஆகலாம் என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் எங்களுக்கு உறவிலோ பழக்கத்திலோ இல்லை. சிக்கண்ணா அரசுக் கல்லூரி வழியாகத்தான் தினமும் சைக்கிளில் போவேன். அந்த கேட்டுக்குள் போய் வந்த ஒரு ஆளைக்கூட எனக்குத் தெரியாது. வேலை வாங்கித் தர சித்தப்பா இருந்தார். காலேஜுக்கு அப்படி ஒரு சித்தப்பா இல்லை.

இருபத்தைந்து வருஷம் கழித்து என் அக்கா மகனுக்கும் இதுவேதான் நடந்தது. கணக்கில் கெட்டிக்காரன். ப்ளஸ் டூ லீவில் தெருப் பையன்கள் நாலு பேர் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனார்கள், இவனும் போனான். ஒரு போன் வாங்கினான். இன்னும் அங்கேயேதான் இருக்கிறான்.

இது எங்கள் தெருவில் மட்டும் நடக்கிற கதை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். எங்கள் முதலாளியின் மகன் வெளிநாட்டில் பொருளாதாரம் படித்தவர். டீ நேரத்தில் நின்று பேசுவார். அவர்தான் மும்பை தாதர் பகுதியில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னார். கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வெய்க் என்ற இருவர் 2006-ல் வெளியிட்டது. மில் வேலை மாதிரியான தொழிலாளர் வேலைகளில் சாதி சனம் நிறைந்திருந்த குடும்பங்கள், 1990-களில் ஆங்கிலம் படித்தவர்களுக்குச் சம்பளம் எகிறிய பிறகும் பையன்களை மராத்தி மீடியத்திலேயே சேர்த்தார்கள். வேலைக்குத்தான் மாமன் இருக்கிறாரே! பெண் பிள்ளைகளுக்கு அந்த வழி கிடையாது. யாரும் அவர்களை மில்லுக்குள் இழுத்துவிட வரவில்லை. அதனால் அவர்கள் ஆங்கில மீடியத்துக்குப் போய் அண்ணன் தம்பிகளை முந்தினார்கள். அவர் சொல்லி முடித்தபோது எனக்குச் சித்தப்பா முகம்தான் ஞாபகம் வந்தது. அவர் எனக்கு நல்லதுதான் செய்தார். அந்த நல்லதே என்னைக் கட்டியும் போட்டது.

இந்த ஆய்வு எனக்குத் தெரிய வந்ததே முதலாளி மகனோடு பழக்கம் இருப்பதால்தான் என்பதையும் கவனியுங்கள்.

இப்போது என் மகளுக்கு வருகிறேன். அவளுடைய தோழியின் அப்பா, துணி சுருங்காதபடி பக்குவப்படுத்தும் காம்பாக்டிங் யூனிட் வைத்திருக்கிறார். 2020-ல் பள்ளி மூடி எல்லாம் ஆன்லைன் ஆனபோது எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் கம்பெனி திறந்த பிறகு என்னோடு போய்விடும். அந்தப் பிள்ளையின் அம்மா தினமும் சாயங்காலம் அன்றைய பாடத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவார். புரியாததை என் மகளுக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லிக்கொடுப்பார். ஒன்றாம் வகுப்பு முழுக்க அவள் படித்தது அப்படித்தான். அந்த அம்மாவுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. தன் மகளின் பெஞ்சில் உட்காரும் பிள்ளை என்பதால் செய்தார்.

நாலாம் வகுப்பில் அந்தத் தோழியின் பிறந்தநாளுக்கு இவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே தோழியின் அத்தை ஒருவர், ஆடிட்டர். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து என்ன வேலை செய்யறீங்க என்று கேட்டதற்கு, "கணக்குல எங்க பொய் ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கிற வேலை" என்றாராம். அன்றிலிருந்து என் மகள் ஆடிட்டர் ஆவேன் என்கிறாள். எங்கள் தெருவில் ஆடிட்டர் என்றால், மார்ச் மாதம் வருவார், பில்லையெல்லாம் ஒழுங்காக அடுக்கி வை என்று முதலாளி பதறுவார், அவ்வளவுதான் தெரியும். அதற்குப் படிப்பு எது, பரீட்சை எது என்று நான் அந்த அத்தையிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ப்ளஸ் டூ முடித்துவிட்டு சிஏ ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். தனியார் பொறியியல் கல்லூரி மாதிரி லட்சக்கணக்கில் ஃபீஸ் கிடையாது. ஆனால் நடுவில் ஆர்ட்டிகிள்ஷிப் என்று ஓர் ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் சேர்ந்து பழக வேண்டும். "அப்ப எங்கிட்ட வா கண்ணு" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

தாளாளர் ஐயா, இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எங்கே போய்ப் பணம் கட்டுவேன்? எந்தக் கோர்ஸில் இது வரும்?

இப்போது அந்தப் பழக்கம் தேய்கிறது. இந்த வருஷம் பிறந்தநாளுக்கு அந்தத் தோழி தன் செக்‌ஷன் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். அவள் மேல் தப்பில்லை, பதினோரு வயசுப் பிள்ளை பக்கத்தில் இருப்பவர்களைத்தான் கூப்பிடும். என் மகள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வாங்கி வைத்திருந்த பேனா பாக்ஸ் அலமாரியில் இருக்கிறது.

அமெரிக்காவில் ராஜ் செட்டி என்பவரும் அவர் குழுவும் 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஃபேஸ்புக்கில் இருக்கும் 7 கோடிக்கு மேற்பட்டவர்களின் நட்புகளை எடுத்து எண்ணியிருக்கிறார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கும் அளவுக்கு வசதியானவர்களின் நட்பு கிடைக்கிற இடத்தில் வளர்ந்தால், பெரியவர்களான பிறகு அவர்களுடைய வருமானம் சராசரியாக 20 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. ஒரே பள்ளியில் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது என்கிறார்கள். பெரிய பள்ளியாக இருந்து, பிள்ளைகளைத் தரம் பிரித்துத் தனித்தனி வகுப்பில் உட்காரவைத்தால், ஒரே கேட் வழியாக உள்ளே போகிற பிள்ளைகள்கூட ஒருவரோடொருவர் பழகுவதில்லையாம். உங்கள் நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு எழுதியது மாதிரியே இருக்கிறது.

உங்கள் நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பனியன் தொழிலில் இருப்பவர்கள். அவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இந்த ஊர் எப்படி வளர்ந்தது? சுற்றுவட்டாரக் கிராமங்களில் கிணற்றுப் பாசனம் பார்த்த கவுண்டர் வீடுகளிலிருந்து வந்தவர்கள், மச்சான் பாதி போட, பங்காளி ஜாமீன் நிற்க, ஒரு மெஷின் இரண்டு மெஷின் என்று ஆரம்பித்தார்கள். நூல் கடனாகக் கிடைத்தது, ஜாப் ஒர்க் கிடைத்தது. எல்லாம் பழக்கத்தில். இன்றைக்கு வருஷத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி ஆகிறது என்றால் அதன் அடியில் இருப்பது பேங்க் மட்டும் இல்லை, ஆள் பழக்கம். அதை நான் குறை சொல்லவில்லை, அதில்தான் என் வீட்டு அடுப்பும் எரிகிறது.

ஆனால் அந்தப் பழக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. அபிஜித் பானர்ஜியும் மேலே சொன்ன கைவன் முன்ஷியும் இதே திருப்பூரை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். உள்ளூர்ச் சமூகத்தில் பிறந்தவர்கள் கூடுதல் முதலோடு தொழில் தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் கையில் முதல் குறைவு. ஆனால் வெளியாட்கள் வேகமாக வளர்ந்து, சில வருஷங்களில் ஏற்றுமதியில் அவர்களைத் தாண்டினார்கள். திறமை ஒரு பக்கமும் பணம் இன்னொரு பக்கமும் கிடந்தது என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்துவைக்கப் பழக்கம் இல்லாததால் ஊருக்குத்தான் நஷ்டம். பானர்ஜிக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரைப் பற்றி அவர் எழுதியதை நம் ஊரில் எத்தனை பேர் படித்தோமோ தெரியாது.

இனி மற்ற பெற்றோர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். செக்‌ஷன் பிரித்ததற்குக் கோர்ஸ் மட்டும் காரணம் இல்லை. போன வருஷம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெசேஜ் வந்தது: "மிக்ஸ் பண்ணி உட்கார வெச்சா நம்ம பசங்க கெட்ட வார்த்தை கத்துக்கறாங்க." அதற்குப் பத்துப் பன்னிரண்டு கட்டைவிரல். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சரி, அந்தப் பயத்துக்கும் பதில் இருக்கிறது. டெல்லியில் ஆர்டிஇ சட்டம் வருவதற்கு முன்பே, 2007-லிருந்து, பல தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. அதனால் பணக்காரப் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று கௌதம் ராவ் என்பவர் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார். உங்கள் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: கெட்ட வார்த்தை கொஞ்சம் கூடியதாம். ஆங்கில மார்க்கும் சற்றுக் குறைந்ததாம். கணக்கிலும் இந்தியிலும் குறையவில்லை. சண்டை சச்சரவு கூடவில்லை. ஏழைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தவர்கள் மற்றவர்களுக்குக் கொடுத்து உதவுவதில் முன்னால் நின்றார்கள். ஒரு ரிலே ஓட்டப் பந்தயமும் வைத்துப் பார்த்திருக்கிறார். கூட ஓட ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பரிசுத் தொகை சின்னதாக இருக்கும்போது, வேகமாக ஓடுகிற ஏழைப் பிள்ளையை விட்டுவிட்டுத் தன்னைப் போன்ற வீட்டு மெதுவான பிள்ளையை எடுத்தவர்கள் கணிசம். ஏழைப் பிள்ளைகளோடு படித்தவர்கள் அந்தத் தப்பைக் குறைவாகச் செய்தார்கள்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஓடத் தெரிந்தவனை விட்டுவிட்டு நம்ம ஆள் என்று எடுத்து, ஷிப்மென்ட் தவறி ஏர் ஃபிரைட்டில் அனுப்பிய கதை எல்லாக் கம்பெனியிலும் உண்டு. நாளைக்கு உங்கள் பிள்ளைகள்தான் அந்தக் கம்பெனிகளை நடத்தப் போகிறார்கள். கெட்ட வார்த்தை விஷயத்தில் ஒரு சேதி: என் மகள் முதல் கெட்ட வார்த்தையைக் கற்றுக்கொண்டது பி செக்‌ஷனில், ஒரு நிட்டிங் முதலாளி வீட்டுப் பையனிடம்.

சட்டத்தையும் ஞாபகப்படுத்துகிறேன். 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை எங்களுக்குத் தருகிறது. 2012 ஏப்ரல் 12-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படிச் சேரும் பிள்ளைகளை வகுப்பறையில் மற்றவர்களிடமிருந்து பிரித்து உட்காரவைக்கக் கூடாது, வேறு இடத்திலோ வேறு நேரத்திலோ வகுப்பு நடத்தக் கூடாது என்று அந்தச் சட்டத்துக்கான விதிகள் சொல்கின்றன. நீங்கள் ஆர்டிஇ என்று எழுதி ஒட்டவில்லைதான். கோர்ஸ் என்று எழுதி ஒட்டினீர்கள். பட்டியலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்.

உங்களுக்கும் கஷ்டம் இருக்கிறது, தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கு அரசு தர வேண்டிய கட்டணம் வருஷக்கணக்கில் இழுக்கிறது. மத்திய அரசும் மாநில அரசும் நிதிக்காக மல்லுக்கு நின்றதில் இந்த வருஷம் ஆர்டிஇ சேர்க்கையே வழக்கமான நேரத்தில் தொடங்கவில்லை. அந்தப் பாக்கிக்காக நீங்கள் கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தால், டி செக்‌ஷன் பெற்றோர் எல்லோரும் பக்கத்தில் வந்து உட்காருகிறோம். அந்தப் பாக்கியை எங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டு நேரத்தில் வசூல் செய்யாதீர்கள்.

நான் கேட்பது இதுதான். அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் பள்ளி திறக்கும்போது ஆறாம் வகுப்பின் நான்கு செக்‌ஷனையும் கலைத்துக் குலுக்கல் போட்டுப் பிரியுங்கள். எங்கள் பிள்ளைகள் உள்ளே வந்ததே குலுக்கலில்தான், எல்லோருக்கும் ஒரு முறை அந்த அனுபவம் கிடைக்கட்டும். ஃபவுண்டேஷன் கோர்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. அதைப் பள்ளி நேரம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பகல் முழுக்கப் பிள்ளைகள் கலந்திருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தை ஒன்றாக்குவதற்கு ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை, திங்கட்கிழமையே செய்யலாம். வேனும் அப்படியே: கோர்ஸுக்கு இருப்பவர்கள் இரண்டாவது வேனில் போகட்டும், மற்ற எல்லோரும் முதல் வேனில் சேர்ந்து போகட்டும். செக்‌ஷன்கள் எந்த அடிப்படையில் பிரிக்கப்படுகின்றன என்பதை இனி ஒவ்வொரு வருஷமும் எழுத்தில் ஒட்டுங்கள். எட்டாம் வகுப்போடு எங்களுக்கு ஆர்டிஇ முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு என்ன கட்டணம், தவணை உண்டா என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். நாங்கள் சீட்டுப் போட்டுச் சேர்க்க இரண்டரை வருஷம்தான் இருக்கிறது.

இன்னொன்று, இதில் சட்டம் எதுவும் இல்லை, வேண்டுகோள் மட்டும். நிர்வாகக் குழுவிலும் பெற்றோரிலும் ஆடிட்டர், டாக்டர், மெர்ச்சண்டைசர், வக்கீல் என்று எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். மாதம் ஒருவர், ஒரு பீரியட், எல்லா செக்‌ஷன் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து, நான் என்ன வேலை செய்கிறேன், இதற்கு எப்படி வந்தேன் என்று பேசுங்கள். கட்டிங் டேபிளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நானும் வருவேன். மார்க்கர் போட்டு, அதாவது வெட்டும் பாகங்களைத் துணியில் நெருக்கி அடுக்கி வரைந்து, துணி மிச்சம் பிடிப்பது முழுக்கக் கணக்குதான். ஏ செக்‌ஷன் பிள்ளைகளுக்கும் அது தெரியட்டும்.

இந்த மடலின் நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்புகிறேன். ஆனால் பதில் உங்களிடமிருந்து வர வேண்டும் என்றே விரும்புகிறேன். அரையாண்டுத் தேர்வு தொடங்குவதற்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், அல்லது டி செக்‌ஷன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான இறக்குமதி வரியை 50 சதவீதம் ஆக்கியதிலிருந்து எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகிவிட்டது. சாயங்காலம் ஐந்தரைக்கே வெளியே வந்துவிடுகிறேன். ஆறு மணிக்கு மேல் எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு டி செக்‌ஷன் மாணவி ஒருத்தியின் அப்பா
திருப்பூர், அக்டோபர் 2025